பரிசுப் பெட்டியின் பூட்டு எண்

ஜனவரி இரண்டாம் தேதி காலை, வாயில் பற்பசை நுரையோடு கண்ணாடி முன்னால் நின்றுகொண்டிருந்தபோது, நான் ஒரு மாபெரும் முடிவுக்கு வந்தேன். இனி என் ஆயுளில் டிசம்பர் இருபத்துமூன்றாம் தேதி பரிசு வாங்கக் கடைக்குப் போவதில்லை.

இந்த வைராக்கியம் வரக் காரணம் என் அண்ணி. எட்டு நாளைக்கு முன்னால், கிறிஸ்துமஸ் அன்று, குடும்பம் முழுக்க எங்கள் வீட்டுக் கூடத்தில் கூடியிருந்தது. அத்தனை பேர் முன்னிலையில் அண்ணிக்கு நான் கொடுத்த பரிசு, எடை பார்க்கும் இயந்திரம். கெட்ட எண்ணம் துளியும் கிடையாது. கடை மூடப் பத்து நிமிடம் இருந்தது. அலமாரியில் மிஞ்சியிருந்தது அதுவும் ஒரு எலிப்பொறியும்தான். இரண்டில் எது மரியாதை என்று யோசித்துத்தான் எடுத்தேன்.

அண்ணி தாளைப் பிரித்துப் பார்த்தார். "ரொம்ப நன்றி தம்பி" என்றார். அதோடு சரி. அதற்குப் பிறகு அவர் என்னோடு பேசவில்லை. அண்ணனும் வீட்டிலிருந்து போன் செய்வதை நிறுத்திவிட்டு, ஆபீசிலிருந்து தாழ்ந்த குரலில் பேச ஆரம்பித்தான். அப்பா அம்மா போன பிறகு எனக்கென்று இருப்பது அவன் ஒருவன். ஒரு இயந்திரத்தை வாங்கி அந்த உறவை எடைக்குப் போட்டுவிட்டேனே என்று எனக்கு உள்ளூர வலித்தது. இத்தனைக்கும் அந்த ஒரு மாலைப் பொழுதில் நான் செலவழித்தது ஒன்றரை மாதச் சம்பளம்.

ஆகவே திட்டம் போட்டேன். பன்னிரண்டு மாதமும் கடைகளைக் கவனிப்பது, எல்லாப் பரிசும் தள்ளுபடியில். டிசம்பர் வரும்போது நான் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருக்க, ஊர் கடைகடையாக ஓடிக்கொண்டிருக்கும். சாப்பாட்டு மேஜையில் இதை என் மனைவிக்கு விளக்கினேன். அவள் ரொட்டியில் வெண்ணெய் தடவியபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"யார் யாருக்கு என்ன வாங்கப் போறீங்க?"

"அதெல்லாம் ரகசியம். உனக்கும் சேர்த்துத்தான்."

"சரிங்க" என்றாள்.

அப்போதே நான் சுதாரித்திருக்க வேண்டும். கல்யாணமாகிப் பதினாறு வருஷத்தில் அவள் மறுபேச்சு இல்லாமல் "சரிங்க" சொன்ன போதெல்லாம் கடைசியில் சரிந்தது நான்தான்.

பழைய பெரிய சூட்கேஸ் ஒன்றைத் தூசி தட்டி எடுத்தேன். நாலு எண் பூட்டு போட்டது. புதிதாக ஒரு எண் வைத்தேன். பரிசு வாங்கிய அன்றைக்கே தாளில் சுற்றி, பெயர்ச் சீட்டு ஒட்டி உள்ளே வைப்பது. பில்லை மட்டும் ஒரு உறையில் போட்டு மூடியின் உட்பக்கம் செருகுவது. பெட்டியை அலமாரி மேலே ஏற்றுவது. பனிமனிதன் படம் போட்ட பரிசுத் தாளை ஜனவரித் தள்ளுபடியிலேயே இருபது சுருள் வாங்கி அதற்குள் போட்டுவைத்தேன். ஒரு வங்கிக்கு இவ்வளவு ஒழுங்கு இருந்தால் போதும் என்று எனக்கே தோன்றியது.

நான் வேலை பார்ப்பது ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில். முன்பக்கம் வியாபாரம். பின்பக்கம், கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம், நான். லென்ஸைச் சாணை பிடித்து பிரேமில் பொருத்துவது என் தொழில். இருபது வருஷமாக ஊருக்கெல்லாம் பார்வை கொடுத்துக்கொண்டிருக்கிறேன். கல்லாவில் உட்காரும் பெண்மணியை எல்லாரும் கல்லா அக்கா என்போம். என் திட்டத்தை அவரிடம் பெருமையடித்துக்கொள்ளாத நாள் கிடையாது. அவரும் வாயைப் பொத்திக்கொண்டு கேட்பார். பிரமித்துப் போய்த்தான் பொத்திக்கொள்கிறார் என்று நினைத்தேன்.

பிப்ரவரியில் மாமியாருக்குக் கால் அமுக்கும் இயந்திரம் வாங்கினேன். பாதி விலைக்கும் கீழே. வீட்டில் யாரும் இல்லாத நேரம் பார்த்து என் காலை வைத்துச் சோதித்தேன். பல் கிட்டிக்கொண்டது. இயந்திரம் அறையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குத் தானாகவே நடந்து போயிற்று. உழைக்கிற சாமான் என்று சுற்றி வைத்தேன்.

மார்ச்சில் அண்ணிக்கு வாங்கினேன். இந்த முறை உடல் எடையைப் பற்றிய பேச்சே இருக்கக் கூடாது என்பதில் தெளிவாக இருந்தேன். ஆகவே முகச் சுருக்கத்தைப் போக்கும் களிம்பு. ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம். பெட்டியின் மேல் "ஐம்பதைக் கடந்தவர்களுக்கு" என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தது. அண்ணிக்கு நாற்பத்தெட்டு. இரண்டு வருஷம் முன்னாலேயே யோசித்து வாங்கியிருக்கிறேன் என்றால் அதில் எவ்வளவு அக்கறை.

ஜூலையில் ஒரு கடையில் அந்த வருஷத்துக் காலண்டரைக் கிட்டத்தட்ட சும்மாவே கொடுத்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்து வீட்டில் தனியாக இருக்கும் ஓய்வுபெற்ற தபால்காரருக்கு ஒன்று எடுத்தேன். டிசம்பரில் கொடுத்தால் ஆறு நாள்தானே மிச்சம் இருக்கும் என்று கடைக்காரர் சந்தேகப்பட்டார். படம் பழசாகுமா என்று நான் கேட்டேன். அவர் அவசரமாகப் பில்லை எழுதினார்.

ஆகஸ்டில் என் மனைவிக்கு, எந்தப் பக்கம் திருப்பினாலும் சுழலும் தரை துடைப்பான். கூடவே பிழிகிற வாளி. வாளிக்குத் தனி விலை கிடையாது.

இந்த எட்டு மாதமும் என் மனைவி என்ன செய்துகொண்டிருந்தாள் என்று கேட்டால், நான் பார்த்தவரையில் அரட்டை அடித்துக்கொண்டிருந்தாள். பக்கத்து வீட்டுத் தபால்காரர் பத்திரிகை திருப்பிக் கொடுக்க வந்தால், அவரை உட்கார வைத்து டீ கொடுத்து முக்கால் மணி நேரம் பேச்சு. தன் அம்மா வீட்டுக்குப் போனால் அம்மா துணி வெட்டுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து வேடிக்கை. அண்ணி வீட்டுக்கும் தனியாகப் போய் வந்தாள். அங்கே என்ன பேசினீர்கள் என்று கேட்டால், "சும்மாத்தாங்க, பழைய கதை" என்பாள். அவ்வப்போது ஒரு பெரிய பையைத் தூக்கிக்கொண்டு வெளியே போவாள். சின்னப் பையோடு திரும்புவாள். பெண்கள் கடைத்தெருவுக்குப் போவதில் ஆராய்வதற்கு என்ன இருக்கிறது என்று விட்டுவிட்டேன்.

செப்டம்பரில் கடையில் ஒரு வேலை வந்தது. கல்லா அக்கா ஒரு பழைய பிரேமை என் மேஜையில் வைத்தார். கனமான, பழுப்பு நிற, அந்தக் காலத்துப் பிரேம். இடது பக்கக் கீல் உடைந்து, காதில் மாட்டும் பகுதி தனியாகத் தொங்கியது. யாரோ வாடிக்கையாளருடையது, இதே பிரேம்தான் வேண்டுமாம், புதிது எடுக்க மனசில்லையாம் என்றார். அந்தக் கீல் இப்போது எங்கேயும் கிடைக்காது. நான் முணுமுணுத்துக்கொண்டே எடுத்தேன். ஆனால் கையில் எடுத்த பிறகு விட மனம் வரவில்லை. மூக்கில் உட்காரும் இடம் வருஷக்கணக்கில் தேய்ந்து வழவழத்திருந்தது. ஒரு மனுஷனுடைய முகம் அதில் பதிந்திருந்தது. இரண்டு நாள் சாப்பாட்டு நேரத்தில் உட்கார்ந்து, வேறொரு பிரேமின் கீலை அரம் போட்டுத் தேய்த்துப் பொருத்தினேன். கொடுத்திருந்த அளவுக்கு வாசிக்கிற லென்ஸும் வெட்டிப் போட்டேன். வேலை முடிந்ததும் கூலி வேண்டாம், லென்ஸுக்கு மட்டும் வாங்குங்கள் என்று கல்லா அக்காவிடம் சொன்னேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

டிசம்பர் வந்தது. அலமாரி மேலிருந்து பெட்டியை இறக்கினேன். ஒற்றைக் கையால் இறக்க முடிந்தது. ஒரு வருஷத்தில் எனக்கு உடம்பு நன்றாகத் தேறியிருக்கிறது என்று தெரிந்துகொண்டேன். திறந்தால் பனிமனிதன் தாளில் என் கையெழுத்துச் சீட்டுகளோடு எல்லாப் பொட்டலமும் வரிசையாக இருந்தன. காலண்டர் மட்டும் நீளமாக இருந்ததாக ஞாபகம். நாள் ஆக ஆகக் காலண்டர் சுருங்குவது இயற்கைதானே என்று எடுத்து மரத்தடியில் வைத்தேன். கூடத்து மூலையில் நாங்கள் ஜோடித்து வைத்த கிறிஸ்துமஸ் மரத்தடியில்.

கிறிஸ்துமஸ் அன்று மதியம் எல்லாரும் வந்தார்கள். அண்ணியும் வந்தார். என் மனைவி மூன்று முறை நேரில் போய்க் கூப்பிட்ட பிறகு வந்தார். வாசலுக்குப் பக்கத்து நாற்காலியில், கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, எந்த நிமிடமும் எழுந்து போகிறவர்போல உட்கார்ந்திருந்தார். அண்ணன் என்னைப் பார்ப்பதும் அண்ணியைப் பார்ப்பதுமாக இருந்தான்.

முதல் பொட்டலம் தபால்காரருக்கு. அவர் தாளைக் கிழிக்காமல் ஒட்டு ஒட்டாகப் பிரித்தார். உள்ளே காலண்டர் இல்லை. ஒரு மூக்குக்கண்ணாடிக் கூடு இருந்தது. கூட்டுக்குள் கனமான, பழுப்பு நிற, அந்தக் காலத்துப் பிரேம்.

நான் குனிந்து பார்த்தேன். அரம் போட்ட என் கைத்தடம்கூட அந்தக் கீலில் தெரிந்தது.

தபால்காரர் அதை மாட்டிக்கொண்டார். பொட்டலத்தின் மேல் ஒட்டியிருந்த சீட்டை எடுத்துத் தன் பெயரைத் தானே வாசித்தார். முப்பத்திரண்டு வருஷம் இந்தக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டுதான் இந்த ஊர்க் கடிதங்களைத் தெருத் தெருவாகப் பிரித்தேன் என்று எல்லாருக்கும் பொதுவாகச் சொன்னார். உடைந்த அன்றைக்கு, ஒரு பொருளுக்காக அழுவது என்ன வெட்கம் என்று யாரிடமும் சொல்லவில்லையாம். "உங்க வீட்டுப் பொண்ணு ஏதோ மாடல் பாக்கணும்னு கேட்டு வாங்கிட்டுப் போச்சு. போனது போகட்டும்னு இருந்தேன். இதைத் திரும்ப என் முகத்துல வெப்பீங்கன்னு நினைக்கலை தம்பி" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். நான் என் மனைவியைப் பார்த்தேன். அவள் தண்ணீர்க் கூஜாவைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

அடுத்தது மாமியார். பெரிய பெட்டி. உள்ளே காகிதம், காகிதத்துக்குள் காகிதம், கடைசியில் ஒரு கத்தரிக்கோல். எனக்கு ஒன்றும் புரியவில்லை. மாமியார் அதை எடுத்தார். இடது கையால் எடுத்தார். அவருக்கு இடது கைப் பழக்கம் என்பது பதினாறு வருஷத்தில் அந்த நிமிடம்தான் எனக்குத் தெரிந்தது. இடது கைக்காரர்களுக்கென்றே கூர் மாற்றிச் செய்த கத்தரிக்கோல் அது. பரிசுத் தாளின் ஓரத்தை ஒரு தடவை வெட்டினார். இன்னொரு தடவை வெட்டினார். அப்புறம் நிறுத்தவே இல்லை. பனிமனிதர்களை ஒவ்வொருவராக, சுத்தமாக, வளைவு வளைவாக வெட்டி மடியில் போட்டுக்கொண்டே இருந்தார். கூடமே அந்தக் கையைப் பார்த்தது.

"அம்பது வருஷமா துணி கோணலாப் போறப்பல்லாம் என் கைதான் சரியில்லைன்னு நினைச்சேன் மாப்பிள்ளை" என்றார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அடுத்த பொட்டலம் அண்ணியுடையது. மற்ற இரண்டில் நான் வாங்கியது இல்லை. இதில் இருப்பது என்ன? நான் வாங்கியதுதானா? "ஐம்பதைக் கடந்தவர்களுக்கு" என்ற அந்தப் பெரிய எழுத்து கண்முன் வந்து நின்றது. கடையில் வாங்கும்போது அக்கறையாகத் தெரிந்த அதே எழுத்து, அண்ணி கைப்பையைக் கீழே வைத்துவிட்டுத் தாளைப் பிரிக்கும்போது கொலைக்குற்றமாகத் தெரிந்தது. கடவுளே, இதையும் யாராவது மாற்றியிருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். உலகத்தில் தன் பரிசு காணாமல் போயிருக்க வேண்டும் என்று பிரார்த்தித்த ஆள் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

உள்ளே சட்டம் போட்ட ஒரு புகைப்படம் இருந்தது. கறுப்பு வெள்ளை. ஏதோ பள்ளிக்கூடத்தில் நாற்பது பெண்கள் நாலு வரிசையாக நிற்கிறார்கள். அண்ணி அதைக் கிட்டக் கொண்டுபோனார். ஒரு விரலை எடுத்து மூன்றாவது வரிசையில் ஒரு முகத்தின் மேல் வைத்தார். பிறகு விரலை எடுத்துக்கொண்டார்.

அண்ணியின் பிறந்த வீட்டில் ஒரு மழைக்காலத்தில் வெள்ளம் புகுந்து, எல்லாப் புகைப்படங்களும் கூழாகிவிட்டன என்பது குடும்பத்தில் எல்லாருக்கும் தெரிந்த கதை. கல்யாணத்துக்கு முன்னால் தான் எப்படி இருந்தோம் என்று காட்ட அவரிடம் ஒரு படம்கூடக் கிடையாது. எல்லாருக்கும் தெரிந்ததுதான். எனக்கும் தெரியும். தெரிந்துகொண்டு நான் களிம்பு வாங்கினேன்.

அண்ணன் எழுந்து வந்து அவர் தோள் வழியாக எட்டிப் பார்த்தான். இருபத்தைந்து வருஷம் குடித்தனம் செய்தவன், தன் மனைவியைச் சின்னப் பெண்ணாகப் பார்த்ததே இல்லை.

"இதுல நீ எது?"

அண்ணி படத்தை அவனிடம் நீட்டினார். "நீங்களே கண்டுபிடிங்க."

அண்ணன் கொஞ்ச நேரம்கூட எடுத்துக்கொள்ளவில்லை. மூன்றாவது வரிசையில், போட்டோக்காரர் சொன்னதை மதிக்காமல் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்த ஒல்லிப் பெண்ணின் மேல் நேராக விரலை வைத்தான். அண்ணி தலை நிமிர்ந்து அவனைப் பார்த்த பார்வையை நான் வேறு எங்கேயும் பார்த்ததில்லை. பிறகு எழுந்து என்னிடம் வந்தார்.

"தம்பி, போன வருஷம் நான் என்னென்னவோ நினைச்சுட்டேன். இப்படி ஒரு மனசு உள்ளவங்க அப்படி நினைச்சுக் குடுத்திருக்க மாட்டீங்க. மனசுல வெச்சுக்காதீங்க."

ஒரு வருஷமாக நான் ஏங்கிக்கொண்டிருந்த பேச்சு. ஆனால் எத்தனை அற்பனாக இருந்தாலும் மனிதனுக்கு ஒரு எல்லை உண்டு. "அண்ணி, இதை நான்..." என்று ஆரம்பித்தேன். என் காலின் மேல் என் மனைவியின் கால் முழுப் பாரத்தோடு இறங்கியது.

"அவரைப் புகழ்ந்தா அவருக்குக் கூச்சம்க்கா" என்றாள் அவள்.

கடைசியாக அவளுடைய பொட்டலம். துடைப்பானும் வாளியும் இருந்த இடத்தில், ஒரு ஜோடி நடைக் காலணி. நல்ல நீலம். அவள் கையை வாயில் வைத்துக்கொண்டாள். "எனக்கு இது வேணும்னு உங்களுக்கு எப்படிங்க தெரிஞ்சுது?" என்று எல்லார் முன்னாலும் கேட்டாள். முகத்தில் அப்படி ஒரு ஆச்சரியம். மேடையில் நடிக்கிறவர்கள் எல்லாம் அவளிடம் வந்து கற்றுக்கொள்ளலாம். "தோணிச்சு" என்றேன். வேறு என்ன சொல்ல?

சாப்பாடு முடிந்து எல்லாரும் கூடத்தில் புகைப்படத்தைச் சுற்றி உட்கார்ந்திருந்த நேரத்தில் அவளைச் சமையலறையில் பிடித்தேன்.

"பூட்டு எண் உனக்கு எப்படித் தெரியும்?"

பாத்திரத்தைக் கழுவிக்கொண்டே சொன்னாள். கல்யாண நாளைப் போட்டுப் பார்த்தாளாம், திறக்கவில்லை. என் பிறந்தநாள், திறக்கவில்லை. தன் பிறந்தநாளைப் போட்டாளாம், அதுவும் திறக்கவில்லை. "அப்புறம்தான் யோசிச்சேன். வருஷா வருஷம் நீங்க எனக்கு ஒரு நாள் தள்ளித்தானே வாழ்த்து சொல்றீங்க. அந்தத் தேதியைப் போட்டேன். டக்குனு திறந்துக்கிச்சு."

அவள் பிறந்தநாளை மறக்கக் கூடாது என்று பார்த்துப் பார்த்து வைத்த எண் அது. நான் ஈரத் துணியை எடுத்து ஒரு தட்டைத் துடைக்க ஆரம்பித்தேன்.

மற்றதெல்லாம் சுலபமாக இருந்ததாம். வாங்கிய கடையில் பதினைந்து நாளுக்குள் பில்லோடு போனால் மாற்றிக் கொடுப்பார்கள், இல்லையென்றால் பணமாகத் திருப்பித் தருவார்கள். பில்லை நான்தான் பத்திரமாக உறையில் போட்டு வைத்திருந்தேனே. காலண்டரை மட்டும் கடைக்காரர் திருப்பி வாங்கிக்கொள்ளக் கையெடுத்துக் கும்பிட்டு மறுத்துவிட்டாராம். கத்தரிக்கோலுக்காக ஏழு கடை ஏறி இறங்கியிருக்கிறாள். புகைப்படத்துக்காக அண்ணியின் பள்ளிக்கூடத்துக்கு மூன்று கடிதம் போட்டு, பதிலே வராமல், நாலாவது கடிதத்துக்கு ஒரு பழைய டீச்சரின் விலாசம் கிடைத்து, அவரிடமிருந்து படத்தை வாங்கிப் பிரதி எடுத்திருக்கிறாள். செலவு அந்தப் பிரதிக்கும் சட்டத்துக்கும் மட்டும். கண்ணாடிக்குக் கல்லா அக்கா உடந்தை. மொத்தமாக நான் தள்ளுபடியில் செலவழித்ததில் பாதிகூட ஆகவில்லை. மிச்சத்தில்தான் காலணி.

"உங்க சாமானையெல்லாம் மாத்த நடந்து நடந்து பழைய செருப்பு தேஞ்சு போச்சுங்க" என்றாள்.

"அவங்களுக்கு இதெல்லாம் வேணும்னு உனக்கு யார் சொன்னது?"

"அவங்கதான். வருஷம் முழுக்கச் சொல்லிக்கிட்டேதான் இருந்தாங்க. பரிசு வாங்கக் காசு பெருசா வேணாங்க, காது இருந்தாப் போதும்."

நான் அவளையே பார்த்துக்கொண்டு நின்றேன். வருஷம் முழுக்க அரட்டை என்று நான் கடந்து போன அந்த டீக் கோப்பைகளுக்கு நடுவில் இவள் என்ன ஒரு வேலை செய்திருக்கிறாள். நான் பன்னிரண்டு மாதம் கடைகளைப் பார்த்தேன். இவள் பன்னிரண்டு மாதம் மனிதர்களைப் பார்த்தாள். மலையுச்சிக்குப் போய்க் கீழே எட்டிப் பார்த்தால் ஒரு தலைசுற்றல் வருமே, தட்டைக் கையில் வைத்துக்கொண்டு எனக்கு அது வந்தது.

"எல்லாருக்கும் பார்த்துப் பார்த்துச் செஞ்சியே, எனக்கு ஒண்ணும் இல்லையா?" என்று கேட்டேன். கேட்ட பிறகுதான் அசிங்கமாக இருந்தது.

அவள் குழாயை மூடினாள். கூடத்திலிருந்து அண்ணியின் சிரிப்பு கேட்டது. அதற்கு மேலே அண்ணனின் சிரிப்பு. அவன் இந்த வீட்டில் அப்படிச் சிரித்து ஒரு வருஷம் ஆகிறது.

"கேக்குதா?" என்றாள். "அதுதாங்க உங்களுக்கு."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. எல்லாவற்றையும் கூடத்துக்குப் போய் உடைத்துச் சொல்லிவிடுவது, இந்தப் புகழெல்லாம் இவளுடையது என்று எல்லார் முன்னாலும் ஒப்படைத்துவிடுவது என்று தீர்மானித்து, தட்டைக் கீழே வைத்தேன்.

அந்த நேரம் மாமியார் உள்ளே வந்தார், கையில் கத்தரிக்கோலோடு. அவர் இந்தத் தெருத் தையல் சங்கத்துக்குச் செயலாளர். வரும் ஞாயிற்றுக்கிழமை புது வருஷத்துக் கூட்டமாம். குறைந்த செலவில் நிறைந்த மனதோடு பரிசு தருவது எப்படி என்று மாப்பிள்ளை அரை மணி நேரம் பேச வேண்டுமாம். அறுபது பெண்கள் வருகிறார்களாம். தொண்டை சரியில்லை என்றேன். மைக் இருக்கிறது என்றார். எனக்கு மேடையேறிப் பழக்கமில்லை என்றேன். வருஷம் முழுக்க நான் பரிசு சேர்ப்பதை மகள் போன வாரமே சொன்னாளாம், அவளிடமே சம்மதம் வாங்கி நோட்டீஸும் அடித்தாகிவிட்டது என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

நான் என் மனைவியைப் பார்த்தேன். அவள் கையைத் துடைத்துக்கொண்டு, குளிர்சாதனப் பெட்டியின் மேலிருந்து மடித்து வைத்திருந்த நாலு தாள்களை எடுத்து என்னிடம் நீட்டினாள்.

"எழுதி வெச்சுட்டேங்க. சத்தமா ரெண்டு தடவை படிச்சுப் பாத்துக்குங்க. 'இதில் என் மனைவிக்கு எந்தப் பங்கும் இல்லை'ன்னு வர்ற இடத்துல மட்டும் கொஞ்சம் உருக்கமா சொல்லணும்."